நூற்றெட்டு என்னும் எண் – ஒரு கணித நோக்கு

சைவ மக்களாகிய எமது வழிபாட்டிலே நூற்றெட்டு என்னும் எண் பெறும் இடம் யாவரும் அறிந்ததே. நூற்றெட்டுப் போற்றி சொல்லி அருச்சிக்கின்றோம். நூற்றெட்டு மணிகள் கோத்த உருத்திராக்க மாலையை உருட்டிச் செபிக்கின்றோம். மண்டலாபிஷேகப் பூர்த்தியின்போது நூற்றெட்டுச் சங்குகளை வைத்து அபிஷேகம் செய்கின்றோம். ஆனால் “ஏன் நூற்றெட்டு?” என்று ஒரு பிள்ளை கேட்டால் நாம் என்ன விடை சொல்கின்றோம்?

இக்கேள்வி என்னை ஒரு நாள் உண்மையாகவே தடுமாற வைத்தது. சங்காபிஷேகத்துக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்த வேளை. நெல் பரப்பி அதன்மேல் சங்குகள் அடுக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்த தரம் 9 மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, “நூறு வைத்தால் எண்ண இலேசுதானே சேர், ஏன் நூற்றெட்டு?” என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற அன்பர் ஒருவர், “சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் சூரியனுடைய விட்டத்தைப் போலச் சரியாக நூற்றெட்டு மடங்கு பிள்ளை. எங்கடை முன்னோர் அதை அப்பவே கண்டுபிடித்துவிட்டார்கள்” என்றார். துண்டுப் பிரசுரம் ஒன்றில் வாசித்ததாகவும் சொன்னார். பிள்ளை தலையாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் மாலை அவள் ஒரு கொப்பியோடு வந்தாள். தன் பாடப்புத்தகத்தில் இருந்த அளவுகளை எடுத்து வகுத்துப் பார்த்திருக்கிறாள். விடை 107.5 என்று வந்திருந்தது. “சரியாக 108 வரவில்லையே. அப்ப எல்லாம் பொய்யா சேர்?” என்று கேட்டாள்.

அவள் ‘அது பொய்யா’ என்று கேட்கவில்லை, ‘எல்லாம் பொய்யா’ என்று கேட்டாள். அந்த ஒரு சொல்லே இக்கட்டுரைக்குக் காரணம். அன்று அவளுக்கு நான் கொப்பியில் எழுதிக் காட்டியவற்றையே இங்கு மாணவர்களுக்காகவும் பெற்றோருக்காகவும் தருகின்றேன். இவற்றுள் எதையும் எனது வார்த்தையை நம்பி ஏற்க வேண்டியதில்லை. பென்சிலும் தாளும் இருந்தால் எவரும் தாமே சரிபார்க்கலாம்.

காரணிகள்

108 ஐ முதன்மைக் காரணிகளின் பெருக்கமாக எழுதினால் 2 × 2 × 3 × 3 × 3 என வரும். அதாவது 2 இன் வர்க்கத்தையும் 3 இன் கனத்தையும் பெருக்கினால் 108 ஆகும். 4 × 27 = 108. இதனை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 1 ஐ ஒரு முறையும், 2 ஐ இரு முறையும், 3 ஐ மூன்று முறையும் எடுத்துப் பெருக்கினால் (1 × 2 × 2 × 3 × 3 × 3) கிடைப்பதும் இதே எண்ணே.

108 ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 9, 12, 18, 27, 36, 54, 108 என்பனவாம். மொத்தம் பன்னிரண்டு காரணிகள். எண்ணிப் பாராமலே இதனைக் கூறிவிடலாம். ஒரு காரணியை அமைக்கும்போது 2 ஐ எடுக்காமல் விடலாம், ஒரு தரம் எடுக்கலாம், இரு தரம் எடுக்கலாம். ஆக மூன்று வழிகள். அவ்வாறே 3 ஐ எடுப்பதற்கு நான்கு வழிகள். எனவே 3 × 4 = 12.

மாணவி சொன்ன 100 இற்கு எத்தனை காரணிகள்? 1, 2, 4, 5, 10, 20, 25, 50, 100 என ஒன்பது மட்டுமே. நூறு சங்குகளை மூன்று சம வரிசைகளாக வைக்க முடியாது, ஆறாகவும் முடியாது, ஒன்பதாகவும் முடியாது. நூற்றெட்டையோ 2, 3, 4, 6, 9, 12 என எந்த வரிசைக் கணக்கிலும் குறைவின்றி அடுக்கலாம். மாலைக்கும் இது பொருந்தும். 54 மணி மாலையை இரண்டு சுற்றும் 27 மணி மாலையை நான்கு சுற்றும் உருட்டினால் நூற்றெட்டு நிறைவாகும். மாலை இல்லாதவரும் கவலைப்பட வேண்டியதில்லை. வலக்கையின் நான்கு விரல்களிலும் விரலுக்கு மூன்றாகப் பன்னிரண்டு கணுக்கள் உள்ளன. பெருவிரலால் அவற்றைத் தொட்டு ஒன்பது முறை எண்ணினால் 12 × 9 = 108.

இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பன்னிரண்டு காரணிகள் கொண்ட எண் 108 மட்டுமன்று. 60, 72, 84, 90, 96 ஆகியவற்றிற்கும் பன்னிரண்டு காரணிகளே. 1 முதல் 119 வரையுள்ள எந்த எண்ணுக்கும் பன்னிரண்டிற்கு மேல் காரணிகள் இல்லை; 120 இற்குத்தான் பதினாறு வருகின்றது. எனவே 108 முதல் வரிசையில் நிற்கின்றது. ஆனால் தனியே நிற்கவில்லை. அப்படியானால் 60 ஐயோ 96 ஐயோ விட 108 இற்கு உள்ள தனிச்சிறப்பு யாது?

பன்னிரண்டும் இருபத்தேழும் சந்திக்கும் இடம்

கோயிலில் அருச்சனைக்குப் பெயர் கொடுக்கும்போது நட்சத்திரமும் இராசியும் சொல்கின்றோம். வான வட்டத்தை இராசிகள் 12 ஆகவும் நட்சத்திரங்கள் 27 ஆகவும் பிரிக்கின்றன. வட்டம் 360 பாகை. ஓர் இராசி 30 பாகை. ஒரு நட்சத்திரம் 360 ÷ 27 = 13 பாகை 20 கலை. 27 ஐ 12 ஆல் வகுத்தால் மீதி வரும். ஆகவே ஓர் இராசிக்கு இத்தனை முழு நட்சத்திரங்கள் என்று பங்கிட முடியாது.

இரண்டு பிரிவுகளும் ஒத்துப்போக வேண்டுமாயின் வட்டத்தை இன்னும் சிறிய சம துண்டுகளாக்க வேண்டும். அத்துண்டுகளின் தொகை 12 ஆலும் வகுபட வேண்டும், 27 ஆலும் வகுபட வேண்டும். அத்தகைய எண்களுள் மிகச் சிறியது எது? இதுவே வகுப்பில் நாம் படிக்கும் பொது மடங்குகளுட் சிறியது (பொ.ம.சி.).

12 = 2 × 2 × 3
27 = 3 × 3 × 3
பொ.ம.சி. = 2 × 2 × 3 × 3 × 3 = 108

நூற்றெட்டிற்குக் குறைந்த எந்த எண்ணாலும் இவ்வேலையைச் செய்ய முடியாது. 60, 72, 84, 90, 96 ஆகிய ஐந்தையும் 27 ஆல் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மீதி வரும்.

வட்டத்தை 108 ஆகப் பிரித்தால் ஒரு துண்டு 3 பாகை 20 கலை. அதுவே பஞ்சாங்கத்தில் வரும் நட்சத்திரக் கால், அதாவது பாதம். ஒரு நட்சத்திரத்துக்கு 4 கால், ஓர் இராசிக்கு 9 கால். மேடத்தில் அச்சுவினி 4, பரணி 4, கார்த்திகை 1 ஆக ஒன்பது. இடபத்தில் கார்த்திகை 3, ரோகிணி 4, மிருகசீரிடம் 2 ஆக ஒன்பது. மிதுனத்தில் மிருகசீரிடம் 2, திருவாதிரை 4, புனர்பூசம் 3 ஆக ஒன்பது. கர்க்கடகத்தில் புனர்பூசம் 1, பூசம் 4, ஆயிலியம் 4 ஆக ஒன்பது. நான்காம் இராசி முடியுமிடத்தில் ஒன்பதாம் நட்சத்திரமும் முடிகின்றது. இந்த ஒழுங்கு மூன்று முறை திரும்ப வர வட்டம் நிறைவாகின்றது. மூன்று முறை வருவது ஏன்? 12, 27 என்பவற்றின் பொதுக் காரணிகளுட் பெரியது 3 ஆகும், அதனாலேயே.

கார்த்திகை நட்சத்திரத்திற் பிறந்த இருவருள் ஒருவர் மேட இராசி என்றும் மற்றவர் இடப இராசி என்றும் சொல்வதன் காரணமும் இதுதான். முதலாம் காலிற் பிறந்தவர் மேடம். ஏனைய மூன்று கால்களிற் பிறந்தவர் இடபம். உங்கள் குறிப்பை எடுத்து உங்கள் கால் நூற்றெட்டில் எத்தனையாவது என்று எண்ணிப் பாருங்கள்.

இலக்கச் சுட்டி ஒன்பது

108 இன் இலக்கங்களைக் கூட்டினால் 1 + 0 + 8 = 9. அதன் மடங்குகளாகிய 216, 324, 432, 540 எதனை எடுத்தாலும் இலக்கச் சுட்டி 9 ஆகவே வரும். இது மாயமன்று. 100 என்பது 99 + 1. ஆகவே 108 ஐ 99 + (1 + 0 + 8) என எழுதலாம். 99 ஒன்பதால் வகுபடும். எஞ்சிய 9 உம் வகுபடும். 10, 100, 1000 ஆகிய ஒவ்வொன்றும் ஒன்பதின் மடங்கை விட ஒன்று கூடியது என்பதால், ஒன்பதால் வகுபடும் எந்த எண்ணுக்கும் இது பொருந்தும். எனவே 99, 117, 126 ஆகியவற்றின் இலக்கச் சுட்டியும் 9 தான். இதை மட்டும் வைத்து 108 ஐப் புகழ்வது போதாது.

தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு ‘ஹர்ஷத்’ எண் என்று பெயர். 108 ÷ 9 = 12 ஆதலால் 108 உம் அவற்றுள் ஒன்று. மகிழ்ச்சி தருவது என்னும் பொருள்படும் இவ்வடமொழிப் பெயரை இட்டவர் இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்தில் தேவ்லாலி என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேக்கர் (1905–1986). அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். எண்களோடு விளையாடியே உலகறிந்த கணித அறிஞரானவர் என்பதை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும்.

எழுபத்திரண்டும் நூற்றெட்டும்

72 = 2 × 2 × 2 × 3 × 3. 108 = 2 × 2 × 3 × 3 × 3. முன்னதில் இரண்டு மூன்று முறையும் மூன்று இரு முறையும் வருகின்றன. பின்னதில் அவை இடம் மாறியுள்ளன. ஆகவே இவ்விரண்டையும் பெருக்கினால் இரண்டு ஐந்து முறையும் மூன்று ஐந்து முறையும் வரும். 72 × 108 = 7776. இது 6 ஐ ஐந்து முறை பெருக்கிய விடையாகும்.

இவ்விரண்டு எண்களிலும் ஒவ்வொரு முதன்மைக் காரணியும் குறைந்தது இரண்டு முறை வருகின்றது. ஆயினும் இவை வர்க்கமுமல்ல, கனமுமல்ல, வேறெந்த முழுவெண்ணின் உயர்ந்த வலுவுமல்ல. இப்படிப்பட்ட எண்களுக்கு, வலிமை மிக்கவனாயினும் ஒரு குறை உடையவனான கிரேக்கக் கதைவீரன் அக்கிலிசின் பெயரை இட்டுள்ளனர். அவற்றுள் முதலாவது 72, இரண்டாவது 108, மூன்றாவது 200. நூற்றெட்டுச் சங்குகளை ஒரு நேர்ச் சதுரமாக அடுக்க முடியாதிருப்பதும் இதனாலேயே. 10 × 10 வைத்தால் எட்டு மிஞ்சும். 11 × 11 வைக்கப் பதின்மூன்று குறையும்.

இவ்விரண்டு எண்களும் கேத்திர கணிதத்திலும் ஒன்றாக வருகின்றன. ஒழுங்கான ஐங்கோணியின் அகக்கோணம் (5 – 2) × 180 ÷ 5 = 108 பாகை; புறக்கோணம் 72 பாகை. இந்த ஐங்கோணியின் மூலைவிட்டத்தை அதன் பக்கத்தால் வகுத்தால் ஏறத்தாழ 1.618 வரும். இதுவே பொன் விகிதம். சதுர ஓடுகளையும் அறுகோண ஓடுகளையும் இடைவெளியின்றித் தரையிற் பதிக்கலாம். ஆனால் ஒழுங்கான ஐங்கோணி ஓடுகளை மட்டும் கொண்டு பதிக்க முடியாது. ஓர் உச்சியில் மூன்றைச் சேர்த்தால் 324 பாகை. இன்னும் 36 பாகை வெறுமையாகக் கிடக்கும். நான்காவதற்கு அங்கே இடமில்லை. தெசலாக்கப் பாடத்தில் மாணவர்கள் அட்டை வெட்டி இதனைச் செய்து பார்க்கலாம்.

ஆயிரத்தெட்டு

பெருந்திருவிழாக்களில் 1008 சங்காபிஷேகமும் நடைபெறுகின்றது. 1008 என்பது 108 இன் மடங்கு என்று பலர் நினைப்பதுண்டு. அது தவறு. 108 × 9 = 972; மீதி 36. 1008 இன் முதன்மைக் காரணிகள் 2 நான்கு முறை, 3 இரண்டு முறை, 7 ஒரு முறை. ஆகவே அதற்கு 5 × 3 × 2 = 30 காரணிகள் உண்டு. வாரத்தின் ஏழு நாட்களுக்கும் 1008 ஐச் சமமாகப் பங்கிடலாம், நாளுக்கு 144. ஆனால் 108 ஐ ஏழாகப் பங்கிட்டால் மூன்று மிஞ்சும். மறுபுறம் 27 நட்சத்திரங்களுக்கு 108 ஐப் பங்கிடலாம். 1008 ஐப் பங்கிட முடியாது. பெயரிலே ஒத்த இவ்விரண்டும் குணத்திலே வேறானவை.

சூரியனும் சந்திரனும்

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். சூரியனின் விட்டம் ஏறத்தாழ 13 இலட்சத்து 92 ஆயிரம் கிலோமீற்றர். புவியிலிருந்து அதன் சராசரித் தூரம் 14 கோடியே 96 இலட்சம் கிலோமீற்றர். வகுத்தால் 107.5. அத்தூரமும் வருடம் முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஜனவரி மாதத் தொடக்கத்தில் புவி சூரியனுக்கு அண்மையில் இருக்கும்போது இவ்விகிதம் ஏறத்தாழ 106. ஜூலைத் தொடக்கத்தில் தொலைவில் இருக்கும்போது 109. சந்திரனின் தூரத்தை அதன் விட்டத்தால் வகுத்தால் சராசரி 110.6. அதுவும் ஏறத்தாழ 103 இற்கும் 117 இற்கும் இடையே மாறிக்கொண்டிருக்கும்.

இதற்கு எமது வானமே சாட்சி. இரு விகிதங்களும் எப்போதும் சரியாக 108 ஆக இருந்தால், கிரகண வேளையில் சந்திரன் சூரியனை மட்டாக மூடிவிடும். சுற்றிவர வளையம் ஒருபோதும் தெரியாது. ஆனால் 2010 ஜனவரி 15 இலும் 2019 டிசெம்பர் 26 இலும் வட இலங்கையில் நின்று வானைப் பார்த்தோர் சந்திரனைச் சுற்றி நெருப்பு வளையத்தைக் கண்டனர். 2010 இல் சூரியனின் விகிதம் ஏறத்தாழ 106. சந்திரனோ தன் பாதையின் தொலைவான பகுதியில் இருந்தமையால் அதன் விகிதம் மிகக் கூடியிருந்தது. விகிதம் கூடினால் தோற்றம் சிறுக்கும். ஆகவே சந்திரனால் சூரியனை முழுவதும் மறைக்க முடியவில்லை. 1955 ஜூன் 20 அன்று நிலைமை இதற்கு மாறாக இருந்தது. அன்று சந்திரன் அண்மையில் இருந்தமையால் இலங்கையில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது.

இரண்டு விகிதங்களும் ஒன்றுக்கொன்று இவ்வளவு கிட்டவாக இருப்பது வியப்புக்குரியதே. ஆனால் ‘கிட்டத்தட்ட’ என்பது வேறு, ‘சரியாக’ என்பது வேறு. 12 இனதும் 27 இனதும் பொ.ம.சி. 108 என்பது இன்றும் சரி, நாளையும் சரி, எவர் வகுத்தாலும் சரி.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

நான் அந்த மாணவிக்குச் சொன்னது இதுதான்: “நீ வகுத்தது சரி பிள்ளை. அந்தக் கதைதான் பிழை. ஒரு கதை பிழைத்தால் எல்லாம் பிழைத்துப் போகாது. நூற்றெட்டுக்குச் சொல்ல உண்மையான விசயங்களே நிறைய இருக்கு.” அவள் பொ.ம.சி. கணக்கைத் தானே ஒரு முறை செய்து பார்த்துவிட்டு, “இதை ஏன் அண்டைக்கே சொல்லவில்லை?” என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

எமது வழிபாட்டிற்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணிச் சரிபாராத செய்திகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகின்றோம். அவர்கள் வளர்ந்து படித்துக் கணக்குப் பார்க்கும் நாளில் அச்செய்தி உடையும்போது, அதனோடு சேர்த்து எங்கள் சொல்லின் மீதுள்ள நம்பிக்கையும் உடைகின்றது. பக்திக்குப் பொய்ச்சாட்சி தேவையில்லை. நூற்றெட்டுப் போற்றி சொல்லும்போது மனம் ஒன்றுவது பக்தியின் வேலை. நூற்றெட்டு எதனால் வகுபடும் என்று காட்டுவது கணிதத்தின் வேலை. இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்தால் இரண்டும் வாழும்.

மாணவர்க்குச் சில பயிற்சிகள்

1. 108 இன் எல்லாக் காரணிகளையும் கூட்டினால் 280 வரும் எனக் காட்டுக. (குறிப்பு: 1 + 2 + 4 ஐ 1 + 3 + 9 + 27 ஆல் பெருக்குக.)

2. 108 இன் பன்னிரண்டு காரணிகளையும் ஒன்றோடொன்று பெருக்கினால், 108 ஐ ஆறு முறை பெருக்கிய விடையே வரும். ஏன்? (குறிப்பு: 1 உடன் 108, 2 உடன் 54 எனச் சோடி சேர்க்க.)

3. 35 + 36 + 37 = 108. சங்குகளை 8, 9, 10 என ஒவ்வொன்று கூட்டி 16 வரை ஒன்பது வரிசைகளாக அடுக்கினாலும் 108 வரும். அடுத்தடுத்த முழுவெண்களின் கூட்டுத்தொகையாக 108 ஐ எழுத இன்னும் ஒரு வழி உண்டு. அதில் எட்டு வரிசைகள் வரும். முதல் வரிசையில் எத்தனை சங்குகள்?

மூன்றாம் பயிற்சியின் விடையைக் கண்டுபிடிப்போர், அடுத்த சங்காபிஷேகத்தின்போது அவ்வடிவத்தை ஒரு தாளில் வரைந்து தொண்டர்களிடம் காட்டலாம். எண்ணுகின்ற பிள்ளைகள் எமது ஊரிற் பெருக எல்லாம் வல்ல அம்பாளின் திருவருளை வேண்டி அமைகின்றேன்.